காலியாக இருக்கும் கட்டம்

உலகத்தில் பித்துக்கள் பலவிதம். சிலருக்குச் சீட்டாட்டப் பித்து. சிலருக்குச் சங்கீதப் பித்து. இன்னும் சிலருக்குத் தேர்தலில் நிற்கும் பித்து. இவற்றிலெல்லாம் சேராத பித்து ஒன்று உண்டு. அது யாருக்கும் தீங்கு செய்யாது. வீட்டில் உள்ளவர்களின் பொறுமையை மட்டும் அடிக்கடி சோதித்துப் பார்க்கும். அதுதான் சேகரிக்கும் பித்து. அந்தப் பித்தில் அறுபது வருஷத்துக்கு மேல் நம்முடன் பங்கு கொண்டிருந்த அருமை நண்பர் ஒருவர் சென்ற மாதம் காலஞ் சென்றார். இந்த வாரம் நமது பக்கத்தை அவருக்கே ஒப்படைத்து விடுகிறோம். நேயர்கள் மன்னிப்பார்களாக.

நண்பருடைய பெயரை நாம் இங்கே சொல்லப் போவதில்லை. பத்திரிகையில் தம் பெயர் வருவது அவருக்கு அறவே பிடிக்காத விஷயம். "கவரின் மேல் விலாசத்தில் பெயர் இருந்தால் போதும் ஐயா! மற்ற இடத்தில் எதற்கு?" என்பார். ஆகவே அவர் நமக்கு எப்போதும் போல நண்பராகவே இருக்கட்டும்.

நாங்கள் சேர்த்தவை தபால் தலைகள். முதன் முதலில் நாங்கள் சந்தித்தது 1961-ஆம் வருஷத்தில், சென்னை மூர் மார்க்கெட்டில். 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டிடம் 1985-ஆம் வருஷம் மே மாதத்தில் தீக்கு இரையாகிவிட்டது. அதற்கு முன் அங்கே பழைய புத்தகம் வாங்கப் போய், புத்தகத்தோடு ஒரு கிளிக் கூண்டையும் வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் நேயர்களில் பலர் இருக்கக் கூடும். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பழைய காகிதக் குவியலில் சங்கு முத்திரை போட்ட கவர் ஒன்று கிடந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1888-ஆம் வருஷம் முதல் வெளியிட்ட தபால் தலை அது. அந்த ராஜ்யத்தில் தபாலுக்கு 'அஞ்சல்' என்று பெயர். இன்று தமிழ் நாட்டுக் குழந்தைகள் கூட எழுதும் அந்த வார்த்தை, அந்த நாளில் ஒரு தனி ராஜ்யத்தின் தபால் இலாகாவுக்கே பெயராக இருந்தது.

அந்தக் கவரை எடுக்க நாம் கையை நீட்டினோம். அதே சமயத்தில் இன்னொரு கையும் நீண்டது. நிமிர்ந்து பார்த்தால், ஒல்லியான ஓர் இளைஞர். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கூரிய கண்கள். ஒரு கணம் இருவரும் கவரின் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் கையை எடுத்துக்கொண்டு, "நீரே எடுத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரில் போட்டுத் தலையைப் பிரித்துவிடாதீர். கவரோடு இருந்தால்தான் அது எங்கிருந்து எங்கே போயிற்று என்று தெரியும்" என்றார். விட்டுக் கொடுத்தவர் அவர். வாங்கிக் கொண்டவர் நாம். அறுபது வருஷ சிநேகத்தின் கணக்கும் ஏறக்குறைய அப்படியேதான் நடந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறோம்.

சேகரிப்பில் நண்பருக்குச் சில திடமான கொள்கைகள் உண்டு. முத்திரை விழாத புதுத் தலைகளை அவர் அவ்வளவாக மதிப்பதில்லை. "அது வேலைக்குப் போகாத மூத்த பிள்ளை மாதிரி. பார்க்க அழகாக இருக்கும். ஒரு காகிதத்தையாவது ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டு போயிருக்குமா?" என்று கேட்பார். ஒவ்வொரு தலைக்கும் கீழே, அது எந்த நாளில், யார் கொடுத்து வந்தது என்று பென்ஸிலால் எழுதி வைப்பார். பால்காரர் கொடுத்தது, ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொடுத்தது, தங்கையின் மாமனார் கொடுத்தது என்று அந்த ஆல்பத்தைப் புரட்டினால், தபால் தலைகளைக் காட்டிலும் மனிதர்களே அதிகமாகத் தென்படுவார்கள். நமது ஆல்பத்திலோ விலைதான் எழுதியிருந்தது.

அவரோடு உட்கார்ந்து ஆல்பம் பார்ப்பது ஒரு சரித்திர வகுப்பில் உட்காருவது போல. 1852-ஆம் வருஷத்தில் சிந்து மாகாணத்தில் அரை அணாத் தலை வெளியானதையும், அவற்றில் சிவப்பு மெழுகு வில்லையாகச் செய்யப்பட்டவை தொட்டால் நொறுங்கியதால் இன்று அகப்படுவது அருமையாகிவிட்டதையும் சொல்லுவார். 1854-ஆம் வருஷத்து 4 அணாத் தலைகளில் சிலவற்றில் விக்டோரியா மகாராணி தலைகீழாக அச்சாகிவிட்ட கதையைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிடும். "சுயராஜ்யத்துக்கு முதல் படி அச்சுக்கூடத்தில்தான் வைத்தார்கள் ஐயா!" என்பார்.

சிரிப்பு அடங்கியதும் பக்கங்களைப் புரட்டுவார். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்று ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் நம்முடைய கடிதங்களின் மூலையில் வேறு தேசத்து ராஜா ராணிகளே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு 1947-ஆம் வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி, சுதந்திர இந்தியாவின் முதல் தபால் தலை வெளியாயிற்று. 3½ அணா விலை. அதில் நமது மூவர்ணக் கொடி. 'ஜெய் ஹிந்த்' என்ற வாசகம். வெளிநாட்டுக் கடிதங்களுக்கென்று ஏற்பட்ட தலை அது. இந்தியா விடுதலை அடைந்த செய்தி இப்படியாகக் கடிதத்தின் மூலையில் உட்கார்ந்து கடல் கடந்து போயிற்று. அந்தப் பக்கம் வந்ததும் நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொள்வார். கண்ணாடியில் தூசி இருந்ததாக நமக்கு ஞாபகம் இல்லை.

அதற்கு அடுத்த பக்கத்தைப் பற்றித்தான் நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

மகாத்மா மறைந்த அதே 1948-ஆம் வருஷத்தில், சுதந்திரத்தின் முதலாவது ஆண்டு நிறைவான ஆகஸ்டு 15-ஆம் தேதி, அவருடைய உருவம் பொறித்த தபால் தலைகளைச் சர்க்கார் வெளியிட்டார்கள். உலகத்திலேயே காந்தியடிகளின் உருவம் தாங்கிய முதல் தபால் தலைகள் அவைதான். விலை 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய் என நான்கு. 'பாபு' என்று ஹிந்தியிலும் உருதுவிலும் எழுதியிருக்கும். நாசிக்கில் நமது சொந்த அச்சுக்கூடம் இருந்தும், கதர் நூற்ற மகானின் படத்தை ஸ்விட்ஸர்லாந்தில் அச்சிட்டு வரவழைத்தார்கள் என்பது நண்பருக்குத் தீராத மனக்குறை. ஆனால் அச்சு வெகு அழகு என்பதையும் ஒப்புக்கொள்வார்.

அப்போது அவருக்குப் பத்து வயது. தகப்பனார் தஞ்சை ஜில்லாவில் ஒரு சிறிய ஊரின் தபாலாபீஸில் வேலை பார்த்தார். பையனை ஒரு நாள் பெரிய தபாலாபீஸுக்கு அழைத்துப் போய், ஜன்னலுக்கு முன்னால் தூக்கி நிறுத்திப் புதுத் தலைகளைக் காட்டினார். 1½ அணா, 3½ அணா, 12 அணா மூன்றையும் வாங்கினார். மொத்தம் 17 அணா, அதாவது 1 ரூபாய் 1 அணா. நான்காவது தலை இரண்டு வர்ணத்தில் கம்பீரமாக இருந்தது. பையன் அதைக் கை காட்டினான். தகப்பனார் ஒன்றும் சொல்லாமல் அவனைக் கீழே இறக்கி விட்டார். அவர்கள் குடியிருந்த வீட்டின் மாத வாடகையே 8 ரூபாய்.

அந்த மூன்று தலைகளும் நண்பரின் ஆல்பத்தில் ஒரு வரிசையாக இருந்தன. அவற்றிற்கு அருகில் அவர் அந்தப் பத்தாவது வயதிலேயே பென்ஸிலால் ஒரு கட்டம் போட்டிருந்தார். கட்டம் காலி. பிற்காலத்தில் அவர் உத்தியோகத்துக்கு வந்தார். ஆனால் தங்கைகள் மூவருக்குக் கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது. தபால் தலைகளுக்கென்று மாதம் 5 ரூபாய்க்கு மேல் செலவிடுவதில்லை என்று விரதம் பூண்டிருந்தார். அவருடைய சம்பளம் ஒரு படி ஏறினால் அந்தத் தலையின் விலை இரண்டு படி ஏறி நின்றது. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை போகவில்லை. "எங்கேயாவது ஒரு பழைய கட்டுக்குள் அது நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும் ஐயா!" என்பார். ஒவ்வொரு காந்தி ஜயந்தியன்றும் அந்தப் பக்கத்தைத் திறந்து, "இந்த வருஷமும் வரவில்லை" என்று சொல்லிச் சிரித்துவிட்டு மூடுவார்.

இனி நமது குற்றத்தைச் சொல்கிறோம். இதுவரையில் யாரிடமும் எழுத்து மூலம் சொன்னதில்லை.

1979-ஆம் வருஷம், ஒரு மழை நாள் மாலை. குடை கொண்டு போக மறந்து, ஒரு சந்தில் இருந்த பழைய சாமான் கடைக்குள் ஒதுங்கினோம். கடைக்காரர் காட்டிய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில், முத்திரை குத்திய அந்த 10 ரூபாய்த் தலை ஒட்டியிருந்தது. நெஞ்சு படபடத்தது. விலை 300 ரூபாய் என்றார். பேரம் பேசக்கூடத் தோன்றாமல் கொடுத்தோம். அன்று சம்பள நாள். அதனால் கையில் பணம் இருந்தது. அதன் பிறகு அந்த மாதம் வீட்டில் நடந்ததை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

கடையை விட்டு இறங்கியபோது, நேரே நண்பர் வீட்டுக்குப் போய்க் காட்ட வேண்டும் என்றுதான் எண்ணினோம். அவருடைய தெரு முனை வரையில் போகவும் போனோம். அங்கே கால் நின்றுவிட்டது. இதைப் பார்த்தவுடன் அவர் முகம் எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். வாய் திறந்து கேட்க மாட்டார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு நம்மால் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வர முடியாது. சங்குக் கவரை அவர் விட்டது போல் இதை விட நமக்கு மனம் வரவில்லை. வலப் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் இடப் பக்கம் திரும்பி வீடு வந்து சேர்ந்தோம். தலையை ஒரு கவரில் போட்டு, அலமாரியில் பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவில் வைத்தோம்.

வைத்தோமே தவிர, அதனால் நமக்கு என்ன சுகம் கிடைத்தது? ஒரு நாளாவது நிம்மதியாக எடுத்துப் பார்த்தோமா? பட்டப் பகலில் எடுத்தால் யாராவது வந்துவிடுவார்களோ என்று பயம். இரவில் எடுத்தால் மனச்சாட்சி தூங்க விடாது. நண்பர் வீட்டுக்கு வந்து அலமாரிப் பக்கம் நடந்தால் நமக்கு வியர்த்துவிடும். காந்தி ஜயந்தியன்று அவர், "இந்த வருஷமும் வரவில்லை" என்று சொல்லும்போது நாமும், "வரும், வரும்" என்று தலையை ஆட்டினோம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆட்டினோம். சத்தியத்தையே தெய்வம் என்று சொன்னவருடைய படத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, அவருடைய பிறந்த நாளிலேயே பொய் சொல்லி வந்தோம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இவ்வருஷம் நண்பர் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. வைத்தியர் பேசிய தினுசிலிருந்து இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்தது. அன்றைக்கே பஞ்சாங்கங்களைத் தள்ளிக் கவரை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அவருடைய பேத்தி கதவைத் திறந்தாள். "வாங்கோ தாத்தா, உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்" என்றாள்.

கட்டிலருகில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னோம். மழையையும், தெரு முனையையும், பஞ்சாங்கத்தையும் சொன்னோம். பிறகு தலையை எடுத்து அவர் கையில் வைத்தோம். "இது உம்முடைய கட்டத்துக்கு உரியது" என்றோம். அதற்கு மேல் குரல் எழும்பவில்லை.

அவர் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. பிறகு பேத்தியைக் கூப்பிட்டுப் பூதக் கண்ணாடியையும், பல் அளக்கும் அட்டையையும், ஆல்பத்தையும் கொண்டு வரச் சொன்னார். தம்முடைய 12 அணாத் தலையை ஒரு பக்கம் வைத்தார். நமது தலையை மறு பக்கம் வைத்தார். பத்து நிமிஷம் ஒரு பேச்சும் இல்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில், விக்டோரியா மகாராணி தலைகீழாக நின்ற கதையைச் சொல்லும்போது வருகிற அதே சிரிப்பு.

"ஐயா, இது போலி!" என்றார்.

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே பூதக் கண்ணாடியை நம் கையில் கொடுத்துப் பொறுமையாக விளக்கினார். அசல் தலைகள் போட்டோகிராவூர் முறையில் அச்சானவை. அந்த முறையில் கன்னத்தின் நிழல் ஒன்றோடொன்று கரைந்து போவது போல இருக்கும். நம்முடையதிலோ சாதாரணப் படங்களில் இருப்பது போல் புள்ளிகள் தனித் தனியாகத் தெரிந்தன. ஓரத்துப் பற்களும் சரியில்லை. அசலில் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு 11½ பல் இருக்க வேண்டும். இதில் கணக்கு வேறாக இருந்தது. வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலத் தோன்றும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். நாம்தான் ஒரு நாளும் கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லையே! திருட்டுச் சொத்தைச் சோதித்துப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்?

"அன்றைக்கு ராத்திரியே காட்டியிருந்தால், மறுநாள் கடைக்குப் போய் உம்முடைய 300 ரூபாயையும் திருப்பி வாங்கியிருக்கலாமே!" என்றார் நண்பர். ஒளித்து வைத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கூட நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அசல் ஒன்றை எப்படியாவது வாங்கி வந்துவிடுகிறோம் என்று சொன்னோம். அவர் கையை அசைத்து வேண்டாம் என்றார். "அந்தக் கட்டம் காலியாக இருப்பதுதான் சரியான கணக்கு. அப்பாவிடம் அன்றைக்குப் பத்து ரூபாய் இல்லை. அதையும் ஆல்பம் சொல்ல வேண்டுமல்லவா?" என்றார். பிறகு பென்ஸிலைக் கேட்டு வாங்கி, நமது தலையைத் திருப்பி, அதன் முதுகில் நடுங்கும் கையால் 'போலி' என்று எழுதினார். "கிழித்துப் போட வேண்டாம். வைத்துக்கொள்ளும். ஆனால் நமக்குப் பிறகு யாராவது ஒரு பையன் இதைக் கண்டு ஏமாறக் கூடாது" என்றார். ஆறு வாரத்துக்குப் பிறகு அவர் இல்லை.

சேகரிப்பவர்களிடையே அதிசயமான கதைகள் பல உண்டு. இதே 10 ரூபாய்க் காந்தி தலையில், கவர்னர் ஜெனரலின் காரியாலய உபயோகத்துக்கென்று 'ஸர்வீஸ்' என மேலே அச்சடித்து நூறு தலைகளே செய்தார்கள். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் நமது ராஜாஜி. அவற்றில் நான்கு சேர்ந்தாற்போல் இருந்த ஒரு துண்டு 2017-ஆம் வருஷம் ஐந்து லட்சம் பவுனுக்கு விலை போயிற்று. அந்தச் செய்தியை நண்பரிடம் வாசித்துக் காட்டியபோது, "அதில் ஒரு கடிதமாவது போயிருக்குமா?" என்று மட்டும் கேட்டார். 1960-ஆம் வருஷத்தில் வந்த திருவள்ளுவர் தலையையும், பாரதியார் தலையையும், 1972-ஆம் வருஷத்தில் வந்த வ. உ. சி. தலையையும் ஒட்டிய கடிதங்கள் எத்தனையோ அவரிடம் இருந்தன. கடையில் அவற்றிற்குப் பெரிய விலை கிடையாது. அவருக்கோ அவையே பொக்கிஷம்.

இப்போது கடிதம் எழுதுவோர் குறைந்து போனார்கள். தந்தி 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தோடு நின்றது. பதிவுத் தபாலையும் 2025-ஆம் வருஷத்தில் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். இந்தக் காலத்துப் பெண் பழைய கவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள் என்று நமக்குக் கவலையாக இருந்தது. காரியங்கள் எல்லாம் முடிந்த மறு வாரம் அந்தப் பேத்தி நம்மைத் தேடி வந்தாள். கையில் ஆல்பம். "தாத்தா, இதில் ஒவ்வொன்றின் கீழேயும் யார் கொடுத்தது என்று எழுதியிருக்கிறது. நீங்கள் கொடுத்தது என்று எங்கேயும் இல்லையே, ஏன்?" என்று கேட்டாள்.

நாம் எழுந்து போய், 1961-ஆம் வருஷத்துச் சங்குக் கவரை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தோம். தலையைப் பிரிக்கவில்லை, அவர் சொன்னபடி கவரோடுதான் வைத்திருந்தோம். அவள் பென்ஸிலை எடுத்து, தேதியைப் போட்டு, நம்முடைய பெயரை எழுதிக்கொண்டாள்.

நேயர்களே! உங்கள் வீட்டில் தபால் தலையோ, காசோ, பழைய புத்தகமோ, பாட்டியின் பித்தளைச் செம்போ எதைச் சேர்த்து வைத்திருந்தாலும், அதை ஒரு நண்பரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். யார் கொடுத்தது என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். கவருக்குள் போட்டு அலமாரியில் ஒளித்த பொருள் அசலா போலியா என்று தெரிவதற்கு நமக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நண்பர் மட்டும் அசல் என்பது முதல் நாளே, மூர் மார்க்கெட்டிலேயே தெரிந்திருக்க வேண்டும்.